ஹேங்கரில் நின்ற விமானத்துக்குள் பூசணம்: எதைக் கொண்டு துடைப்பது?

மேகவழி:

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வைத்திருக்கும் நான்கு இருக்கை விமானம். உலோக உடல், மேல் இறக்கை, ஒற்றை எஞ்சின். வேலை, மழை, ஒருவருக்கு மருத்துவச் சான்று தள்ளிப்போனது என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்ததில், மூன்று மாதமாக ஹேங்கரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. நேற்றுப் போய்க் கதவைத் திறந்ததும் குப்பென்று பூசண வாடை.

இருக்கைத் தோலில், முதுகு படும் இடத்திலும் தொடை உரசும் ஓரத்திலும், சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் வட்டம் வட்டமாகப் பூத்திருக்கிறது. பெல்ட்டுகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது. கூரைத் துணியில் மிளகுப்பொடி தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஹெட்செட்டின் காது மெத்தையையும் விடவில்லை. கதவுப் பையில் இருந்த செக்லிஸ்ட் புத்தகத்தைப் பிரித்தால் தாள்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

ஹேங்கர் தகரக் கூரை, சிமென்ட் தரை. மேலே புறாக்கள் அடைவதால் விமானத்தின் மீது பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தியிருந்தோம். கடைசியாகப் பறந்தது நல்ல மழையில். வந்து இறங்கிய கையோடு வெளியே நன்றாகத் துடைத்து, கதவு சன்னல் எல்லாம் இறுக்கி மூடிவிட்டுத்தான் கிளம்பினோம். கூரை ஒழுகவில்லை. ஒரு துளி மழைகூட விழாத இடத்தில் இது எப்படி வந்தது என்றே புரியவில்லை.

எதைக் கொண்டு துடைத்தால் திரும்ப வராது? இந்த நிலையில் பறக்கலாமா? என்னோடு அதிகம் பறப்பவள் என் மகள். அவளுக்கு வீசிங் உண்டு. அதனால்தான் கவலையாக இருக்கிறது.

வலது இருக்கை:

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் வந்தபோது வினிகரில் துடைத்தேன், போய்விட்டது. ப்ளீச்சிங் கரைசல் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்கிறார்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டு, தினம் காலையில் போய் ஹேங்கர் கதவையும் விமானக் கதவையும் திறந்து வைத்தால் காற்றோட்டத்தில் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். பராமரிப்பில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

பழைய ஸ்பேனர்:

மேகவழி, இன்றைக்கு ஒன்றையும் துடைக்காதீர்கள். காய்ந்த துணியால் ஒரு தேய் தேய்த்தால் போதும், வித்துகள் கிளம்பி இதுவரை சுத்தமாக இருந்த இடத்திலும் போய் உட்காரும். பறக்கவும் வேண்டாம். காற்றுத் துவாரத்தைத் திறந்ததும் எல்லாம் நேராக முகத்துக்குத்தான் வரும். வேலை முடியும் வரை மகளை ஹேங்கர் பக்கமே கூட்டிப் போகாதீர்கள்.

நண்பர் சொன்ன வினிகரும் ப்ளீச்சும் குளியலறை ஓட்டுக்குச் சரி. விமானத்துக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டும் அலுமினியத்தை அரிக்கும். துடைத்த இடத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இரண்டு தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ரிவெட் அடித்த இடுக்குக்குள் இறங்கிவிட்டால், கழுவி எடுக்க வழியே இல்லை. உள்ளேயே இருந்து தின்றுகொண்டிருக்கும்.

இருபத்தாறு வருடமாகச் சிறு விமானங்களைக் கழற்றி மாட்டுகிறேன். பூசணம் என்று வந்த ஒவ்வொரு விமானத்திலும் நான் முதலில் தேடியது தண்ணீரைத்தான். வித்து எங்கும் இருக்கிறது. அதற்குச் சாப்பாடும் எங்கும் இருக்கிறது: தூசி, வியர்வை, நம் உடம்பின் எண்ணெய், தோல், கம்பளி, காகிதம். உங்கள் இருக்கையில் முதுகும் தொடையும் படும் இடத்தில் முதலில் பூத்ததற்குக் காரணம் அதுதான். நம்மால் பறிக்க முடிந்தது ஈரம் ஒன்றை மட்டுமே. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூக்கும். 60-க்குக் கீழே பிடித்து வைத்தால் பூக்காது. இடைப்பட்டது சந்தேக எல்லை.

மழை விழாத இடத்தில் எப்படி என்று கேட்டீர்கள். உங்கள் விவரத்தைப் படித்ததில் மூன்று வழி தெரிகிறது.

ஒன்று, நீங்களே உள்ளே வைத்துப் பூட்டியது. நான்கு இருக்கைக் கேபினின் கொள்ளளவு ஏறக்குறைய 3 கனமீட்டர். 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவிதான் தாங்கும். ஆக, கேபின் காற்று முழுக்க நனைந்திருந்தாலும் சுமார் 70 கிராம். அரை டம்ளர்கூடத் தேறாது. ஆனால் மழையில் ஏறி இறங்கியவர்களின் காலணி, குடை, நனைந்த பை எல்லாம் கார்ப்பெட்டில் விட்ட தண்ணீர் அப்படியில்லை. கார்ப்பெட்டும் அதன் அடி ஃபோமும் சுவர்த்தகட்டுக்குப் பின்னால் உள்ள பஞ்சும் லிட்டர் கணக்கில் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே துடைத்தீர்கள், சரி. உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா?

இரண்டாவது, காலை நேரக் காற்று. இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரவு முழுவதும் குளிர்ந்த உலோகம், விடிந்ததும் உடனே சூடாகாது, பின்தங்கியே நிற்கும். விமானத்தின் தகடு 21 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு வெளிக்காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 80. அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23 டிகிரி. நீங்கள் அன்போடு ஹேங்கர் கதவைத் திறந்துவிட்டால், அந்தக் காற்று உள்ளே வந்து 21 டிகிரித் தகட்டில் பட்டு வியர்த்துவிடும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நிற்குமே, அதேதான். எனவே தினம் காலையில் திறப்பது என்பதை விட்டுவிடுங்கள். வெளிக்காற்றின் பனிநிலை தகட்டின் வெப்பநிலையை விடக் குறைவாக இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். வறண்ட நாளின் பிற்பகல் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு ஈரப்பதமானி, தொட்டால் வெப்பநிலை காட்டும் ஒரு சிறு தெர்மோமீட்டர், இரண்டும் இருந்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது, தரையும் தார்ப்பாயும். அடியில் ஈரத்தடுப்பு விரிப்பு போடாமல் ஊற்றிய கான்கிரீட், மண்ணின் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்குக் காய்ந்த தரை போலத்தான் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி நின்றாலோ அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, தரைதான் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. அந்த ஈரம் மேலே போக முடியாமல் தார்ப்பாய் பிடித்து வைத்திருக்கிறது. புறா எச்சத்துக்குப் போர்வை வேண்டும்தான். ஆனால் நீராவியை வெளியே விடும் துணிப்போர்வையாக இருக்க வேண்டும்.

இப்போது சுத்தம் செய்வது. என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை. மின்கல இணைப்பைக் கழற்றிவிடுங்கள். விமானத்தை வெளியே வெயிலுக்குத் தள்ளி, இருக்கைகளையும் கார்ப்பெட்டையும் வெளியே எடுங்கள். எதை உரிமையாளர் கழற்றலாம், எதற்குப் பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர். வேறு வேக்குவம் போட்டால் பின்பக்கமாக வித்தை ஊதித் தள்ளும். பிறகு வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பிழிந்த துணி. துணியை அடிக்கடி மாற்றுங்கள். முக்கால்வாசிப் பூசணம் இதிலேயே வந்துவிடும். வெறுமனே கொன்றுவிட்டு அங்கேயே விட்டால் போதாது. செத்த வித்தும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களைப் படுத்தும். உங்கள் மகளுக்காகவே இதைச் சொல்கிறேன்: உடல்ரீதியாக வெளியே எடுக்க வேண்டும்.

தோலில் கறை நின்றால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாக நனைத்துத் துடைக்கலாம். முதலில் இருக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள், சில தோல்களில் மேல்பூச்சு கழன்று வரும். இருக்கை விமானத்துக்கு வெளியே, திறந்தவெளியில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. தோலுக்கான எண்ணெய்ப் பூச்சை முழுக்கக் காய்ந்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். அவசரப்பட்டுப் போட்டால் மிச்சமிருக்கும் பூசணத்துக்குச் சோறு வைத்த மாதிரி.

தோலில் தெரியும் வெள்ளையெல்லாம் பூசணமும் இல்லை. சில நேரம் தோலுக்குள் இருக்கும் கொழுப்பே வெளியே வந்து வெள்ளைப் படலமாக நிற்கும். ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. அப்படியே நின்றால் பூசணம்.

சன்னல் பக்கம் ஆல்கஹால் போகவே கூடாது. அக்ரிலிக்கில் அது பட்டால் சிலந்தி வலை போல நுண்ணிய விரிசல் ஓடும். அமோனியா உள்ள கண்ணாடித் திரவமும் அதே கதைதான். நிறையத் தண்ணீர், சோப்பு, வெறுங்கை அல்லது மென்மையான துணி, அவ்வளவே.

பெல்ட்டுகளை வெதுவெதுப்பான சோப்புநீரில் துடைத்து நிழலில் காய வைக்கலாம். கறை மட்டும் நின்றால் பயமில்லை. நூல் பிரிந்திருந்தாலோ, விறைத்திருந்தாலோ, சாயம் வெளுத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கூரைத் துணியின் புள்ளிகள் மேலோடு இருந்தால் வேக்குவமும் ஈரத்துணியும் போதும். உள்ளே ஊறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும் துணிக்குத் தீச்சோதனைச் சான்று கேளுங்கள். துணி இருக்கை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: சில தீத்தடுப்புப் பூச்சுகள் தண்ணீரில் கரைந்து போய்விடும், ஊற வைத்துத் துவைத்துவிட்டு அப்படியே மாட்டாதீர்கள்.

ஓசோன் இயந்திரம் வைத்தால் வாடை போகும் என்று யாராவது சொல்வார்கள். ஓசோன் பட்டால் ரப்பரில் வெடிப்பு விழும். கதவு சீல், குழாய்கள் எல்லாம் ரப்பர். நுரையீரலுக்கும் கெடுதல்.

கார்ப்பெட்டை எடுத்த பிறகு கீழே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பூசணத்தை விட எனக்கு அதுதான் கவலை.

நூல்சிறகு:

மேலே சொன்னது உலோக விமானத்துக்கு. நான் வைத்திருப்பது மரச்சட்டமும் துணிப்போர்வையும் உள்ள பழைய விமானம், அதனால் இரண்டு வரி சேர்க்கிறேன். இப்போதைய பாலியஸ்டர் துணியைப் பூசணம் தின்னாது, மேலே அழுக்காகப் படரும், அவ்வளவுதான். பழைய பருத்தித் துணியும் லினனும் அப்படியல்ல, இழையே இற்றுவிடும். அதனால்தான் அந்தத் துணிகளுக்கு முதல் கை டோப் (துணியை இறுக்கி விறைப்பாக்கும் பூச்சு) பூசும்போதே பூஞ்சைக்கொல்லி கலப்பார்கள்.

மரத்தில் கவனிக்க வேண்டியது ஈர அளவு. ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் மரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் பூச்சுள்ள முக்கியச் சட்டத்தில் கண்ட இடத்தில் குத்தக் கூடாது, ஆய்வாளர் காட்டும் இடத்தில் மட்டும். பழைய விமானங்களில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை உண்டு. பால் புரதம் என்பதால் ஈரம் பட்டால் பூசணம் பசையையே தின்னும். மூட்டுப் பக்கம் புளித்த வாடை வந்தால் நான் பறக்க மாட்டேன், முதலில் திறந்து பார்க்கச் சொல்வேன்.

இறக்கையின் பின் ஓரத்து அடிப்பக்கத்தில் உள்ள வடிதுளைகளை மாதம் ஒருமுறை மென்மையான பிளாஸ்டிக் குச்சியால் தொட்டுப் பார்க்கிறேன். போன முறை ஒன்றில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

டீசல்காரன்:

கேபினோடு நிறுத்திவிடாதீர்கள். ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின் விமானமாக இருந்தால் தொட்டிக்குள்ளும் பூஞ்சை வளரும். எரிபொருளும் அடியில் தேங்கிய தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று படியும். அது வெளியிடும் அமிலம் தொட்டியை அரிக்கும், அந்தப் படிவு வடிகட்டியை அடைக்கும். வாரம் ஒருமுறை வடித்து, கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். தண்ணீரை எடுத்துவிட்டால் அதற்கு இடமில்லை.

மேகவழி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பேனர் ஐயா, நீங்கள் சொன்னபடி ஒன்றையும் துடைக்காமல் முதலில் தேடினோம். மூன்று நாள் ஆனது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தரைச் சோதனை: மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள், வால் பக்கம் ஒரு தாள் ஒட்டினோம். மறுநாள் இரண்டின் அடியிலும் துளித்துளியாகத் தண்ணீர். மூன்று வருடமாக அதே தரையில் நடக்கிறோம், ஒரு நாளும் ஈரமாக உணர்ந்ததில்லை.

பொறியாளரை வைத்து இருக்கைகளை எடுத்தோம். பின் இருக்கைப் பக்கம் கார்ப்பெட் மேலே காய்ந்திருந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அடி ஃபோம் கனத்தது. பிழிந்தேன், விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. அதற்கும் கீழே வயிற்றுப்பக்கத் தகட்டில், காய்ந்து காய்ந்து மறுபடி நனைந்த அடையாளமாகக் கோடு கோடாகக் கறை. வடிதுளை ஒன்று பஞ்சும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தது. பொறியாளர் குச்சியால் குத்தியதும் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் தரையில் கொட்டியது. மூன்று மாதம் அந்தத் தண்ணீர் அங்கேயே நின்றிருக்கிறது.

அந்தப் பள்ளத்தில் இரண்டு இடத்தில் வெள்ளைப் பொடி. நான் அதையும் பூசணம் என்று நினைத்துத் துணியை எடுத்தேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுத்தபோது அடியில் ஊசி குத்தியது போலக் குழிகள். அலுமினியம் அரித்த பொடி அது. ஆழத்தை அளந்து, அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது, சுத்தம் செய்து பூச்சு போட்டால் போதும் என்றார். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் தகடு மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்தோம். நண்பர் உள்ளே டார்ச்சோடு உட்கார, நான் வெளியே குழாயால் மெதுவாக ஊற்றினேன். அழுத்தமாக அடிக்கவில்லை, வெறும் ஒழுக்கு. பொறியாளர் சொன்னபடி கீழிருந்து தொடங்கினோம்: கதவின் அடி, பிறகு கதவின் மேல், பிறகு பின் சன்னல், கடைசியாக இறக்கை சேரும் இடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எது என்று தெரியாமல் போகும் என்றார். உள்ளே ஓரங்களில் முகப்பவுடரைத் தூவியிருந்தோம். பின் சன்னலின் மேல் மூலையில் ஊற்றியபோது பவுடரில் ஒரு கோடு நனைந்து கீழே ஓடியது. அங்கே சீல் சுருங்கி, நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது.

இப்போது எல்லாம் வெளியே காய்கிறது. பஞ்சு முழுவதையும் எடுத்து எறிந்துவிட்டோம். மூன்று கேள்வி மட்டும் மிச்சம். கேபினுக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் வைக்கலாமா? ஹேங்கருக்கு, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியுமிடிஃபையர் வேண்டுமா? இரவில் சின்ன ஹீட்டர் ஒன்றை உள்ளே வைக்கலாம் என்று நண்பர் சொல்கிறார், சரியா?

பழைய ஸ்பேனர்:

அந்தத் தண்ணீர் கொட்டியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பொறியாளர் கையைப் பிடித்து நிறுத்தியது பெரிய உதவி.

டப்பா விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். கடையில் ஈரம் உறிஞ்சி என்று விற்பதில் பெரும்பாலானவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது ஈரத்தை இழுத்து உப்புத்தண்ணீராக மாறி அடியில் தேங்கும். அந்த டப்பா ஒரு முறை கவிழ்ந்தால் போதும், இப்போது சுரண்டிய குழிகளைப் போலப் பத்து மடங்கு வரும். பின் இருக்கையின் அடியில் அப்படி ஒன்று கவிழ்ந்து கிடந்த விமானத்தைத் திறந்திருக்கிறேன். தரைத்தகட்டில் விரல் வைத்தால் உதிர்ந்தது. விமானத்துக்குள் சிலிக்கா ஜெல் மட்டும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் இருக்கிறது, ஆரஞ்சு பச்சையாக மாறுவது மேல். 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். ஆனால் ஒரு கிலோ ஜெல் கால் லிட்டர் தண்ணீர் பிடித்தாலே அதிகம். கார்ப்பெட் ஈரமாக இருக்கும்போது அதை வைத்துப் பயனில்லை. எல்லாம் காய்ந்து, சீல் மாற்றி, இறுக்கி மூடிய பிறகுதான்.

ஜெல் வைத்தால் காற்றுத் துவாரங்களையும் மூடியே வையுங்கள். திறந்து வைப்பதானால் ஜெல் வேண்டாம். பாதி திறந்து பாதி மூடினால், ஹேங்கரின் ஈரத்தையெல்லாம் அந்த ஒரு கிலோ ஜெல் தலையில் கட்டுவதாகிவிடும்.

ஹேங்கரை ஓரளவு காற்றுப் புகாமல் மூட முடியுமானால் டிஹியுமிடிஃபையர் நல்ல செலவு. இடைவெளி இருந்தால் ஊர்க் காற்றையே காய வைத்துக்கொண்டிருப்பீர்கள். குளிர்ந்த சுருளில் தண்ணீரைப் படிய வைக்கும் வகை, 15 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். குளிர் அதிகமுள்ள இடமானால் உறிஞ்சுபொருள் சக்கரம் உள்ள வகை. உங்கள் தரைக்கு ஈரத்தடுப்புப் பூச்சு போட்ட பிறகு இதை யோசியுங்கள். அதற்கு முன் வாங்கினால் மண்ணிலிருந்து வரும் தண்ணீரை இறைக்கிற வேலைதான் அதற்கு.

ஹீட்டர்: கணக்குப்படி உங்கள் நண்பர் சொல்வது சரி. 20 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 25-க்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 60 ஆகிவிடும். ஆனால் ஆளில்லாத ஹேங்கரில், எரிபொருள் நிரப்பிய விமானத்துக்குள், இரவு முழுவதும் வீட்டு ஹீட்டர் எரிவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வந்து தீப்பொறியைத் தேடும். ஹேங்கர் நிர்வாகமும் காப்பீட்டாரும் எழுத்தில் அனுமதித்த, விமானத்துக்கென்றே செய்த சாதனம் என்றால் பேசலாம். இல்லையென்றால் வேண்டாம்.

ஹெட்செட், புத்தகங்கள், முதலுதவிப் பை, உயிர்காப்புச் சட்டை எல்லாவற்றையும் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காது மெத்தையைப் புதிதாக மாற்றுங்கள், அதைச் சுத்தம் செய்து மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. மூன்று மாதம் நின்ற எஞ்சினுக்குள்ளும் ஈரம் இருக்கும். தரையில் பத்து நிமிடம் ஓட்டி அணைத்தால் எரிதலில் உண்டாகும் நீராவியும் சேர்ந்து எண்ணெயில் தங்கிவிடும், அதைச் செய்யாதீர்கள். பொறியாளர் பார்த்த பிறகு எண்ணெயை மாற்றி, ஒரு மணி நேரமாவது உண்மையாகப் பறந்து, எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டி நன்றாகச் சூடாக விடுங்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டும் முன் வயிற்றுப்பக்கத் தகட்டை வெறுமையாக ஒரு வாரம் விடுங்கள். அதற்குள் மழை வந்தால் அந்தச் சன்னல் மூலையில் மறுபடி பவுடர் தூவிப் பாருங்கள். கோடு விழவில்லை என்றால் கார்ப்பெட்டைப் போடலாம். மகளை முதல் முறை ஏற்றும்போது கதவைத் திறந்து வைத்துத் தரையிலேயே அரை மணி நேரம் உட்கார வையுங்கள். இருமல் வரவில்லை என்று தெரிந்த பிறகு பறக்கலாம்.